காலைப் பிடித்தாச்சு, ஆள் ஏன் விழவில்லை? கி அணிந்த ஒரு கபடிக்காரரின் சிங்கிள் லெக்

ஜியு ஜிட்சுவில் எதிராளியின் ஒரு காலைப் பிடித்து விழுத்துவதைச் சிங்கிள் லெக் என்பார்கள்; அதில் காலைப் பிடிப்பதில் கெட்டிக்கார ஆள் ஒருவர். ஐந்து நிமிட ஆட்டத்தில் நாலு தடவை கால் அவர் கைக்கு வந்துவிடுகிறது, ஆனால் ஸ்கோர் போர்டில் ஒரு பாயிண்ட் கூட ஏறுவதில்லை. கி (தடித்த துணி ஜாக்கெட், கால்சட்டை, பெல்ட் சேர்ந்த உடை) இல்லாமல், உடம்போடு ஒட்டிய ரேஷ்கார்டு பனியனும் ஷார்ட்ஸுமாக மோதிப் பழகும்போது இதே ஆள் இதே காலைப் பிடித்து எங்களையெல்லாம் தரையில் போடுகிறார். கியை மாட்டினால் மட்டும் கால் கையில் இருக்க, ஆள் நின்றுகொண்டே இருக்கிறார். ஏன் அப்படி, அதை எப்படி மாற்றினோம், எது இன்னும் மாறவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். ஜியு ஜிட்சு பழகுகிற பலருக்கும் இதே சிக்கல் உண்டு. அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரையோ பெரும்பாலும் "இன்னும் வேகமா தள்ளு" என்பதோடு முடிந்துவிடுகிறது. அது போதாது.

இடம் கொழிஞ்சாம்பாறை பக்கம். கேரள எல்லைக்குள்தான், ஆனால் ஊரில் பாதிப் பேர் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். எங்கள் வகுப்பு ஒரு தேங்காய்க் குடோனுக்கு மேல்மாடியில் நடக்கிறது. வேலந்தாவளம் வழியாகக் கோவைப் பக்கத்துப் பையன்கள் வருவார்கள், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிப் பையன்கள், இந்தப் பக்கம் சித்தூரிலிருந்து மலையாளப் பையன்கள். மேட்டில் (பயிற்சி விரிப்பில்) "ஏனுங்ணா"வும் "எந்தா சேட்டா"வும் சேர்ந்தே கேட்கும்.

இவரைத் தம்பி என்றே சொல்கிறேன், வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். வெள்ளை பெல்ட் (ஆரம்ப நிலை), கியோடு எழுபது கிலோவுக்குள் நிற்பவர், அதாவது ஃபெதர் பிரிவு. சின்ன வயதிலிருந்தே மண் களத்தில் கபடி. அதுவும் கார்னர் ஆட்டக்காரர், கணுக்கால் பிடிதான் பிழைப்பே. அந்தக் கைக்கு ஒரு தனி அறிவு இருக்கிறது: எதிராளி எடையை எந்தக் காலுக்கு மாற்றுகிறான் என்பதைக் கண் பார்ப்பதற்குள் கை போய்விடும். மல்யுத்தம் பழகி வந்த பையன்களிடம் கூட அந்த நேரக்கணக்கை நான் பார்த்ததில்லை. ஆகவே கால் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியமே எங்களுக்கு இல்லாமல் போனது. சிக்கலும் அங்கேயே ஒளிந்திருந்தது.

கோவையில் ஒரு போட்டிக்குப் போனோம். முதல் ஆட்டத்தின் வீடியோவை அப்புறம் போனில் மெதுவாக ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அதில் ஒரு பிடியை மட்டும் முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதே மாதிரிதான்.

தம்பி உள்ளே பாய்வதற்கு முன்பே எதிராளியின் வலது கை தம்பியின் இடது காலரில் இருக்கிறது. நான்கு விரலும் துணிக்குள், விரல் முட்டி தம்பியின் தாடைக்குக் கீழே முட்டிக்கொண்டு. அந்தப் பிடியைக் கழற்றாமலேயே தம்பி குனிந்து எதிராளியின் இடது காலை எடுக்கிறார். அழகான நுழைவு, குறை சொல்ல முடியாது. இரண்டு கையும் முழங்காலுக்குப் பின்னால் பூட்டிக்கொள்கின்றன, தலை உள்பக்கம், எழுந்து நிற்கிறார். எதிராளி ஒற்றைக் காலில். இந்த இடத்தில் ஆட்டம் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் எதிராளி முதலில் வலது கையை விறைப்பாக நீட்டுகிறார். காலரில் இருக்கும் அந்தக் கை இப்போது ஒரு முட்டுக்கட்டை, தம்பியின் தலை அவர் மார்பை நெருங்க முடியவில்லை. அடுத்து இடது கை தம்பியின் வலது தோளுக்கு மேலாகப் போய் முதுகுத் துணியைப் பிடிக்கிறது, ஒரு குதி குதித்து இன்னும் இறங்கி பெல்ட்டைப் பிடிக்கிறது. இவ்வளவும் நடக்க இரண்டு மூன்று விநாடிதான். அதன் பிறகு தம்பி தள்ளினால் எதிராளி பின்னால் குதிக்கிறார், இழுத்தால் முன்னால் குதிக்கிறார், தூக்கினால் பெல்ட்டிலேயே தொங்குகிறார். ஒரு கட்டத்தில் எதிராளி மண்டியிட்டு விழத்தான் விழுந்தார், ஆனால் உடனே எழுந்துவிட்டார். ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலிய ஜியு ஜிட்சு சம்மேளனம்) விதிப்படி டேக்டவுனுக்கு, அதாவது நிற்கும் ஆளை விழுத்துவதற்கு, 2 பாயிண்ட், அதுவும் விழுத்திய பிறகு 3 விநாடி ஆளை அடக்கி வைத்தால்தான். அந்த 3 விநாடி கிடைக்கவில்லை. கடைசியில் தம்பி களைத்துத் தலையைத் தாழ்த்த, முதலிலிருந்தே காலரில் இருந்த அந்த வலது கை அப்படியே கழுத்து நெரியாக மாறியது. தம்பி தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவர் கேட்ட கேள்வி இது: "கால் கைலதானுங்ணா இருந்துச்சு. அதுக்கு மேல என்னங்ணா பண்றது?"

நியாயமான கேள்வி. கபடியில் அதற்கு மேல் ஒன்றும் பண்ண வேண்டியதில்லை. கார்னர்காரர் கணுக்காலைப் பிடித்து நிறுத்தினால் போதும், ரைடர் நடுக்கோட்டைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். மிச்சத்தைச் சங்கிலியாக நிற்கும் மற்றவர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள். ரைடுக்கு 30 விநாடி. போகப் போக நேரம் பிடித்தவர் பக்கம் சாயும், திணறுவது ரைடர். பல வருடம் அந்த உடம்புக்குச் சொல்லிக்கொடுத்தது "பிடி, விடாதே, காத்திரு" என்பது. ஜியு ஜிட்சு மேட்டில் சங்கிலி கிடையாது. அதோடு, கி போட்டிருக்கும்போது நேரம் பிடித்தவருக்கு எதிராகவே ஓடும். இதுதான் இந்த ஆய்வில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது: கால் கைக்கு வந்த கணத்தில் எதிராளிக்கு ஒரு கை கூட உன் துணியில் இல்லை என்றால் நீ ஜெயிக்கிறாய், ஒரு கை இருந்தால் சமம், இரண்டாவது கையும் வந்துவிட்டால் கால் உன்னிடம் இருப்பதாகத்தான் தெரியும், பிடிபட்டிருப்பது நீதான்.

கி இல்லாதபோது ஏன் முடித்தார் என்பதற்கும் இதுவே பதில். அங்கே வியர்வை வழுக்கும், கால் நழுவிவிடும் என்ற பயத்தில் பிடித்த உடனே ஓடிவிடுவார். எதிராளிக்கும் பிடிக்கத் துணி இல்லை, மிஞ்சிப்போனால் கையை மேலாகச் சுற்றி விஸ்ஸர் போடலாம், அது வழுக்கும். கியில் கால்சட்டைத் துணி உராய்வதால் கால் அவ்வளவு எளிதில் நழுவாது. அது பிடித்தவருக்கு நல்லதுதான், ஆனால் அந்த நல்லதே தம்பியை நிற்க வைத்தது. பத்திரமாக இருக்கிறது என்று உடம்பு நம்பிவிட்டது.

இதைப் பற்றிப் பழைய ஜூடோக்காரர்களிடம் நிறையச் சரக்கு உண்டு. மொரோதே காரி, குச்சிகி தாவோஷி, கிபிசு கயேஷி எல்லாம் கனமான ஜாக்கெட் போட்ட ஆளைக் காலில் பிடித்து விழுத்தும் வித்தைகள்தான். சர்வதேச ஜூடோ சம்மேளனம் 2010இல் நேரடியாகக் காலைப் பிடிப்பதற்குத் தடை போட்டது, 2013இல் நின்றபடி காலைத் தொடுவதையே முழுசாக நிறுத்தியது. அதனால் இப்போது ஜூடோ பழகும் பிள்ளைகளிடம் போய்க் கேட்டால் இது கிடைக்காது. மல்யுத்தக் கோச்சிடம் கேட்டால் கால் கிடைக்கும், துணி கிடைக்காது. ரஷ்ய மல்யுத்த வகையான சாம்போவில் ஜாக்கெட்டும் உண்டு, கால் பிடியும் உண்டு, அந்த ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். எங்களுக்கு அதிலிருந்து நிறையக் கிடைத்தது.

சரி, என்ன மாற்றினோம்.

முதலில், நுழைவதற்கு முன்னாலேயே ஒரு விதி: உன் காலரில் கை இருக்கும்போது காலுக்குப் போகாதே. கழற்று, கழன்ற அதே கணத்தில் போ. தம்பியின் காலரில் இருக்கும் கையை இரண்டு கையாலும் மணிக்கட்டுப் பக்கத் துணியில் பிடித்து, இடுப்பைப் பின்னால் எறிந்து கழற்றுவது. கழலும்போது எதிராளியின் கை காற்றில் இருக்கும், எடை முன்னால் வந்திருக்கும், அந்தக் கை திரும்பி வர அரை விநாடியாவது ஆகும். அந்த அரை விநாடி கபடிக்காரருக்கு ஏராளம். இதைப் பழக ஆரம்பித்த முதல் வாரம் தம்பி வெறுத்தார், அவருக்குக் கால் தெரிந்தால் பாயாமல் இருக்க முடியாது. நாங்கள் விடவில்லை. காலர் பிடி இருக்கும்போது பாய்ந்தால் அந்த ரவுண்டு அங்கேயே நிறுத்தம், திரும்ப முதலிலிருந்து.

அடுத்தது பிடி. முழங்காலுக்குப் பின்னால் இரண்டு கையையும் பூட்டிக்கொண்டு நிற்பதை ஒழித்தோம். இடது காலை எடுத்தால் வலது கை உடனே கீழே இறங்கி கால்சட்டையின் அடி ஓரத்தைக் கொத்தாகச் சுருட்டிப் பிடிக்க வேண்டும். வெளியிலிருந்து சுருட்டித்தான், ஓரத்துக்குள் விரலை விட்டுப் பிடிப்பது விதிப்படி தப்பு. இதைப் புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வார்கள், போட்டியில் ஃபவுல் வாங்குவார்கள். இந்த ஒரு பிடி பல வேலை பார்க்கிறது. கணுக்கால் உன் இடுப்புயரத்துக்கு வந்துவிடுவதால் எதிராளி அந்தக் காலைத் தரைக்கு இறக்க முடியாது. உன் இன்னொரு கை விடுதலையாகிறது. இன்னொன்று பலருக்குத் தெரியாத சங்கதி: கால்சட்டையை நீ பிடித்திருக்கும்போது எதிராளி பயந்துபோய்த் தானாகவே உட்கார்ந்து கார்டுக்கு (கீழே இருந்தபடி கால்களால் தடுத்து ஆடும் நிலைக்கு) இழுத்தால், நீ மேலே 3 விநாடி நிலைத்து நின்றால் அந்த 2 பாயிண்ட் உனக்குத்தான். பிடி இல்லாமல் அவர் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் கிடையாது. வெள்ளை பெல்ட் ஆட்டங்களில், அதுவும் நின்று ஆடப் பயப்படும் ஆட்களிடம், இது எத்தனை முறை நடக்கும் தெரியுமா!

ஆனால் விரலுக்குச் செலவு. கால்சட்டை ஓரம் நாலைந்து மடிப்புத் தையல் போட்ட தடித்த துணி, எதிராளி உதறினால் நடுவிரல் மூட்டு வீங்கும். தம்பி பகலில் தேங்காய் உரிக்கிறவர், கடப்பாறையில் வேலை செய்யும் கை அது, அதற்கே வலித்தது. இரண்டு விரலைச் சேர்த்து டேப் சுற்றிக்கொள்ளச் சொன்னோம். அதைவிட முக்கியம், கெட்டியாகப் பிடித்து நெடுநேரம் இழுபறி பண்ணாதே என்பது. பிடித்தால் அடுத்த மூச்சில் முடி.

முடிப்பதில்தான் அதிக நாள் செலவழித்தோம். ஒற்றைக் காலில் நிற்கிறவர் எந்தப் பக்கம் குதித்துத் தப்ப முடியும் என்று நின்று பாருங்கள். பிடிபட்ட காலின் நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் நன்றாகக் குதிக்கலாம். நேராகத் தள்ளுவதும் நேராக இழுப்பதும் அதனால்தான் பலிக்கவில்லை, மேட் ஓரம் வரை கூட்டிக்கொண்டு போவதுதான் மிச்சம். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே, சுழன்றபடி குதிக்க முடியாது. ஆகவே முதல் முடிப்பு சுழற்சி: வலது காலைப் பின்பக்கமாக வட்டமாக இழுத்து, தலையை அவர் மார்பிலேயே வைத்து, உன் வலது தோளையும் மார்பையும் முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் இறக்கு. கையால் இழுக்காதே, எடை விழட்டும். தம்பிக்கு இதில் சிரமம் தலை. காலர் கை தள்ளும்போது தலை வெளியே போய்விடும், தலை போனால் சுழற்சியும் போச்சு. அந்தக் கையின் விறைப்புக்குத் தூரம்தான் பலம். ஒரு எட்டு உள்ளே போய் இடுப்பை ஒட்டினால் முழங்கை மடங்கிவிடும், அப்புறம் அது வெறும் துணிப் பிடிதான். பின்வாங்கிக்கொண்டே அதைச் சமாளிக்க நினைப்பது வீண்.

எதிராளி பெல்ட்டைப் பிடித்துவிட்டாரென்றால் சுழற்சி பாதியில் நின்றுவிடும், அவர் உன்னோடேயே சுற்றுவார். அப்போதுதான் இரண்டாவது: வலது கையில் கால்சட்டை ஓரம், இடது கையில் அவர் காலர். காலைத் தூக்கி, காலரைக் கீழ்நோக்கி இழுத்து, அவர் எடை முன்னால் வரும்போது நிறுத்தி, இடது காலால் அவர் நிற்கும் வலது காலை உள்பக்கமிருந்து கொக்கி போட்டு மார்பால் போ. இது தம்பிக்கு உடனே பிடித்துப்போனது. கொக்கி போட்டதும் ஆள் முழுசாக மல்லாந்து விழுவார், மண்டியிட்டு எழுந்துகொள்ளும் வாய்ப்பே இல்லை, 3 விநாடிப் பிரச்சினையும் பெரும்பாலும் அதோடு தீர்ந்தது.

மூன்றாவது குதிகால். எதிராளி குதித்துக்கொண்டே இருந்தால், அவர் பாதம் தரையில் இறங்கும் அந்த நொடியில் இடது கையால் குதிகாலை மறித்துத் தோளால் தள்ளுவது. கிபிசு கயேஷியின் சாயல். இங்கே கபடிக் கை திரும்ப வேலைக்கு வந்தது. பாதம் எப்போது இறங்கும் என்பது அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, நாங்கள் யாரும் கற்றுக்கொடுக்காத ஒன்று அவர் உடம்பிலிருந்தே வந்தது.

பழகும்போது ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நிற்கும் காலின் முழங்காலை வெளிப்பக்கமிருந்து உங்கள் எடையால் மோதி விழுத்தாதீர்கள். கி உராய்வினால் பாதம் மேட்டில் ஒட்டி நிற்கும் தருணம் அது, மூட்டுதான் மடங்கக் கூடாத பக்கம் மடங்கும். ஒற்றைக் காலில் நிற்கும் பார்ட்னருக்கும் ஒன்று: விழப்போகிறோம் என்று தெரிந்தால் விழுங்கள், பின்னால் கையை ஊன்றாதீர்கள். பயிற்சியில் யார் ஜெயித்தார் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

விழுத்திய பிறகு இன்னொரு ஓட்டை இருந்தது. ஆள் விழுந்ததும் தம்பி கையை எடுத்துவிடுவார், ரைடர் விழுந்துவிட்டான் என்கிற மாதிரி நிமிர்வார். எதிராளி கார்டைப் போட்டு, ஒரு கை காலரில், ஒரு கை ஸ்லீவில் வைத்து அங்கிருந்தே ஆட்டத்தைத் திருப்புவார். இப்போது கால்சட்டைப் பிடியை விழுந்த பிறகும் விடுவதில்லை. அந்தக் காலைத் தரையோடு அமுக்கி, முழங்காலை அதன் மேலாகச் சறுக்கிக் குறுக்கே கடப்பார். டேக்டவுனுக்கு 2, கார்டைக் கடந்தால், அதாவது அவர் கால்களைத் தாண்டிப் போய் அடக்கினால், 3. இரண்டையும் ஒரே ஓட்டமாக எடுத்தால் ஐந்து. வெள்ளை பெல்ட் ஆட்டத்தில் ஐந்து பாயிண்ட் முன்னிலை என்றால் எதிராளி அவசரப்பட்டுத் தப்பு செய்ய ஆரம்பித்துவிடுவார்.

அடுத்த போட்டியில் என்ன ஆனது? முதல் ஆட்டத்தில் காலர் பிடியைக் கழற்றி நுழைந்தார், கொக்கியில் விழுத்தினார், கடந்தார், பாயிண்ட்டில் ஜெயித்தார். இரண்டாவதில் எதிராளி பெரிய ஆட்டக்காரர், கழற்றக் கழற்ற திரும்பக் காலருக்கு வந்தார். தம்பி பொறுமையாகத்தான் இருந்தார், ஒரே ஒரு தடவை கால் கிடைத்தது, கால்சட்டையைப் பிடித்ததும் எதிராளி உட்கார்ந்துவிட்டார். மேலே நிலைத்து 2 பாயிண்ட் வாங்கினார். பிறகு கார்டுக்குள் மாட்டி ஸ்வீப்பில் (கீழே இருந்தவர் புரட்டி மேலே வந்ததில்) 2 கொடுத்து, முதுகையும் கொடுத்துத் தோற்றார். தோல்விதான், ஆனால் நின்ற ஆட்டத்தில் அவர் தோற்கவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த ஒரு விநாடி கூட அந்த வீடியோவில் இல்லை.

தீராதவை இரண்டு. வலது காலை எடுக்கும்போது எல்லாமே மாறிப்போகிறது. இடது கைக்குக் கால்சட்டை ஓரம் இன்னும் படியவில்லை, அந்தப் பக்கம் பழைய பூட்டுப் பிடிக்கே திரும்பிவிடுகிறார். இன்னொன்று, இடது கையாட்டக்காரர்கள். அவர்களின் காலர் கை எதிர்ப்பக்கம் வருவதால் கழற்றும் கோணமே வேறு. சித்தூரிலிருந்து வரும் ஒரு பையன் இடது கைக்காரன், இவரைவிட ஒரு பிரிவு கனம், காலரைப் பிடித்தால் விடவே மாட்டான். இந்த மாதம் முழுக்கத் தம்பிக்குப் பார்ட்னர் அவன்தான், ஒவ்வொரு ரவுண்டும் அவன் கை காலரில் இருந்தபடியேதான் தொடங்கும், எடுப்பது வலது கால் மட்டும்.